சாபத்தில் கையெழுத்திட்ட பேராயர்

989-ஆம் ஆண்டின் முற்பகுதியில், வடகிழக்கு பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஓர் இளைஞர் தன்னைத் தானே சபித்துக்கொள்ளும் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டார். அரசர் ஹியூ காபேக்கும் அவருடைய மகன் ராபர்ட்டுக்கும் உண்மையாக இருப்பேன், அவர்களுடைய எதிரிகளுக்கு உதவ மாட்டேன் என்பது உறுதிமொழி. மீறினால் என் மேலுள்ள ஆசியெல்லாம் சாபமாகட்டும், என் ஆயுள் குறுகட்டும், என் பதவி இன்னொருவன் கைக்குப் போகட்டும், நண்பர்கள் பகைவர்களாகட்டும் என்று அதற்குக் கீழே ஒரு நீண்ட வரிசை. இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை அரசர் வாங்கிக்கொண்டார். மற்றது அந்த இளைஞரிடம் இருந்தது. அது போதாதென்று, சத்தியம் தவறினால் இதுவே எனக்குத் தண்டனைத் தீர்ப்பாகட்டும் என்று சொல்லவைத்து நற்கருணையும் கொடுத்தார்கள். கடவுளின் பெயரைப் பிணையாக வைப்பது முறையா என்று சில ஆயர்கள் முகம் சுளித்தார்கள். அரசர் பொருட்படுத்தவில்லை.

அந்த இளைஞர்தான் ரீம்ஸின் புதிய பேராயர் அர்னுல்ஃப். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய நகரத்தின் கதவு அரசரின் எதிரிக்குத் திறந்துவிடப்பட்டது.

ஒரு பேராயரிடம் இப்படி எழுதி வாங்கவேண்டிய அவசியம் என்ன? அர்னுல்ஃபின் அப்பா யார் என்று கேட்டால் விடை கிடைக்கும். மறைந்த அரசர் லோத்தேருக்கு முறையான மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை அவர். சார்லமேன் பேரரசரின் வழிவந்த கரோலிங்கிய ரத்தம். அந்த வம்சத்திடமிருந்து அரியணை கைமாறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பறிபோன அரியணைக்கு உரிமை கோரி வாளோடு நின்றவர் லோத்தேரின் தம்பி சார்ல்ஸ், அதாவது அர்னுல்ஃபின் சித்தப்பா.

ரீம்ஸ் பேராயர் என்றால் ஊருக்கு ஒரு சாமியார் என்று நினைத்துவிடக் கூடாது. பிராங்கு அரசர் குளோவிஸுக்கு 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ரெமிஜியுஸ் திருமுழுக்கு கொடுத்த ஊர் அது. அந்தச் சடங்குக்கான தைலத்தை வானிலிருந்து ஒரு புறா கொண்டுவந்தது என்ற கதையை 9-ஆம் நூற்றாண்டில் பேராயர் ஹிங்க்மார் ஊரறியச் செய்தார். அரசருக்கு முடிசூட்டும் உரிமை எங்களுடையது என்று ரீம்ஸ் சொல்லிக்கொள்ள அந்தக் கதை நல்ல முதலீடு. கதை ஒருபுறம் இருக்க, கோட்டை, நிலம், படைவீரர்கள், வரி எல்லாம் பேராயரின் கையில். வடக்கே போட்டி போடும் எந்தப் பிரபுவுக்கும் அந்த நாற்காலியில் தன் ஆள் இருந்தாக வேண்டும். 925-இல் வெர்மாந்துவா பிரபு ஹெர்பெர்ட், தன் மகனையே பேராயராகத் தேர்ந்தெடுக்க வைத்தார். பையனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அவனை நீக்குவதும் மறுபடி அமர்த்துவதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி நடந்து, 948-இல் இங்கெல்ஹைம் சங்கம் கூடித்தான் ஒரு முடிவு வந்தது.

இந்தப் பின்னணியில் 969-இல் வந்து அமர்ந்தவர் அடல்பெரோ. ஆர்தென் பகுதியின் பெரிய குடும்பம். அண்ணன் தம்பிகள், மருமக்கள் எல்லாம் எல்லைக்கு அப்பால் ஜெர்மானியப் பேரரசின் ஆட்கள். தன் பேராலயத்தைப் புதுப்பித்து, மணிகள் தொங்கவிட்டு, கதைகள் சொல்லும் கண்ணாடிச் சன்னல்களைப் பதித்தார். ஓவியக் கண்ணாடியைப் பற்றி ஐரோப்பாவில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. பள்ளிக்கு அவர் கொண்டுவந்த ஆசிரியரோ அதைவிடப் பெரிய சொத்து. ஒவேர்ன் மலைநாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்து, ஸ்பெயினின் எல்லையிலிருந்த கத்தலோனியாவில் கணிதம் படித்துவந்த துறவி கெர்பர்ட். இருபத்தேழு பத்திகள் கொண்ட ஒரு கணக்குப் பலகையை அவர் கேடயம் செய்யும் தொழிலாளி ஒருவரை வைத்துச் செய்துகொண்டார். அதில் நகர்த்த, எண்குறிகள் பொறித்த ஆயிரம் கொம்புத் துண்டுகள். அந்த ஒன்பது குறிகளும் இந்தியாவில் பிறந்து அரபியர் கைவழியாக ஸ்பெயினை அடைந்தவை. சுழியம் மட்டும் அந்தப் பலகையில் இல்லை. காலிப் பத்தியே அதன் வேலையைச் செய்தது.

பேராயரின் கடிதங்களை எழுதியவரும் கெர்பர்ட்தான். அந்தக் கடிதக் கட்டு இன்றும் இருக்கிறது. பிரான்சில் லோத்தேர் பெயருக்குத்தான் அரசர், உண்மையில் ஆள்பவர் ஹியூ காபே என்ற பொருளில் 985-இல் எழுதிய ஒரு கடிதமும் அதில் உண்டு. பேராயரின் அலுவலகத்திலிருந்தே இப்படியொரு கடிதம் போயிருந்தால், லோத்தேருக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. அந்த ஆண்டு லோத்தேர் வெர்தன் நகரைப் பிடித்து, அடல்பெரோவின் சகோதரர் காட்ஃபிரேயைச் சிறையில் வைத்திருந்தார். பேராயர் தன் சகோதரரின் மகனை அதே வெர்தனுக்கு ஆயராக்க வழிவிட்டார் என்று துரோகக் குற்றம் சாட்டி, கோம்பியேன் அரண்மனையில் விசாரணைக்கு நாள் குறித்தார். ஹியூ காபே அறுநூறு வீரர்களோடு வருகிறார் என்ற செய்தி வந்ததும் அவை கலைந்துபோயிற்று.

986 மார்ச்சில் லோத்தேர் இறந்தார். மகன் ஐந்தாம் லூயி தந்தையின் பகையையும் சேர்த்துச் சுவீகரித்துக்கொண்டார். ரீம்ஸை முற்றுகையிட்டார், பேராயரை மறுபடி விசாரணைக்கு இழுத்தார். 987 மே மாதம், தீர்ப்புக்கு நாள் நெருங்கியிருந்த வேளையில், வேட்டையின்போது கீழே விழுந்து செத்தார். வயது இருபதுதான் இருக்கும், வாரிசு இல்லை. இறுதிச் சடங்குக்கு வந்த பிரபுக்கள் அப்படியே விசாரணை அவையாக உட்கார்ந்தார்கள். தலைமை ஹியூ காபே. பேராயர்மேல் குற்றம் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்தபோது குற்றவாளிக் கூண்டில் இருந்தவர், சில நாட்களில் சான்லிஸ் நகரில் கூடிய சபையில் அடுத்த அரசர் யார் என்று வழிகாட்டினார்.

அந்தச் சபையில் அடல்பெரோ ஆற்றிய உரை புகழ்பெற்றது. அரசபதவி பிறப்புரிமையால் வருவதல்ல, உடலின் உயர்குடிப் பிறப்போடு அறிவும் உள்ளவனுக்கே அது உரியது என்ற வாதம். சார்ல்ஸ் அந்நிய மன்னனுக்குச் சேவகம் செய்தவர், தகுதி குறைந்த பெண்ணை மணந்தவர், ஆகவே தள்ளுபடி. இந்த உரையை நமக்குத் தருபவர் ரிஷேர் என்ற துறவி. ரீம்ஸின் புனித ரெமி மடத்தில் இருந்தவர், கெர்பர்ட்டின் மாணவர், தன் வரலாற்று நூலை அவருக்கே காணிக்கையாக்கியவர். அவருடைய கையெழுத்துப் பிரதியே, அடித்தல் திருத்தல்களோடு, 1833-இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் கிடைத்தது. ரோமானிய ஆசிரியர்களைப் படித்து ஊறியவர் என்பதால் பாத்திரங்களின் வாயில் சொற்பொழிவுகளை வைப்பதில் அவருக்கு ஆசை அதிகம். உரையின் ஒவ்வொரு சொல்லும் அடல்பெரோவுடையது என்று நம்பவேண்டியதில்லை. வாதத்தின் போக்கு அன்றைய ரீம்ஸ் அரசியலுக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான். பிறப்புரிமை வேண்டாம் என்று அரியணை ஏறிய ஹியூ அதே ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் தன் மகன் ராபர்ட்டுக்கும் முடிசூட்டச் சொன்னார். ஒரே ஆண்டில் இரண்டு அரசர்களா என்று அடல்பெரோ முதலில் தயங்கியதாகவும் ரிஷேர் எழுதுகிறார். தயக்கம் நீடிக்கவில்லை.

சார்ல்ஸ் சும்மா இருக்கவில்லை. 988-இல் திடீரென்று பாய்ந்து, குன்றின்மேல் கோட்டையாக நின்ற லாவோன் நகரைப் பிடித்தார். கரோலிங்கியர்களின் கடைசித் தலைநகரம் அது. அங்கே லோத்தேரின் விதவை எம்மாவும், லாவோன் ஆயர் அஸ்லினும் அவரிடம் சிக்கினார்கள். அந்த இருவருக்கும் கள்ள உறவு என்று பத்து ஆண்டுகளுக்கு முன் புகார் கிளப்பியவரே சார்ல்ஸ்தான். அஸ்லின் ஓர் இரவில் கோபுரத்துச் சன்னலிலிருந்து கயிறு கட்டி இறங்கித் தப்பினார். இந்த ஆயரின் இயற்பெயரும் அடல்பெரோதான். குழப்பம் வராமல் இருக்க வரலாற்று ஆசிரியர்கள் அவருடைய செல்லப்பெயரையே பயன்படுத்துகிறார்கள். ஹியூ இரண்டு முறை லாவோனை முற்றுகையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை அரசரின் வீரர்கள் குடித்துவிட்டுத் தூங்கும்போது உள்ளிருந்தவர்கள் வெளியேறி வந்து பாசறைக்கே தீ வைத்தார்கள்.

இந்த நேரத்தில், 989 ஜனவரியில், அடல்பெரோ காலமானார். அடுத்த பேராயர் தான்தான் என்று கெர்பர்ட் நம்பியிருந்தார். மறைந்தவர் தன்னையே சுட்டிக்காட்டியதாகப் பிற்பாடு சொன்னார். ஹியூ வேறு கணக்குப் போட்டார். லாவோன் குருக்களில் ஒருவரான அர்னுல்ஃப், நாற்காலி கிடைத்தால் லாவோனை மீட்டுத் தருகிறேன் என்று தூது விட்டிருந்தார். கரோலிங்கியக் குடும்பத்தில் ஒருவரை இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் சார்ல்ஸின் பலம் பாதியாகும், பழைய வம்சத்தின்மேல் பாசமுள்ள ரீம்ஸ் மக்களும் குளிர்வார்கள். அரசருக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டிருக்கும். அந்தப் புத்திசாலித்தனத்தின் மேல் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதற்குச் சாட்சிதான் அந்தச் சாபப் பத்திரம்.

அதன்பின் நடந்தது ஒரு நாடகம். ஓர் இரவில் அடால்கர் என்ற குரு நகரக் கதவைத் திறந்தார். சார்ல்ஸின் படை உள்ளே வந்து பேராலயம்வரை சூறையாடியது. பேராயர் அர்னுல்ஃப் சிறைபிடிக்கப்பட்டவராக லாவோனுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கிருந்தே ரீம்ஸைக் கொள்ளையடித்தவர்கள்மேல் சபைவிலக்கு விதித்து ஆணையும் வெளியிட்டார். பொருள்களை எடுத்தவர்களைச் சபித்த அந்த ஆணை, நகரத்தைப் பிடித்தவரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை எதிரிகள் கவனித்தார்கள். சிறிது காலத்தில் வேடமும் கலைந்தது. அர்னுல்ஃப் சித்தப்பாவுக்கு வெளிப்படையாகவே விசுவாசப் பிரமாணம் செய்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தவர் ஒருவழியாகக் கரை சேர்ந்தார்.

அவரை வெறும் துரோகி என்று ஒதுக்கிவிடுவது எளிது. அன்றைய ஆவணங்களும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் பதவியை அவருக்குக் கொடுத்ததே உறவுக்கு விலையாகத்தான். ரத்த உறவைக் காட்டி நாற்காலி வாங்கியவர், அதே ரத்த உறவு கூப்பிட்டபோது போனார். கெர்பர்ட்டும் அந்தக் குளிர்காலத்தில் அர்னுல்ஃபின் செயலராகவே இருந்து சார்ல்ஸ் பக்கத்துக்காகக் கடிதம் எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. 990-இல்தான் மனம் மாறி, பேராயருக்கு முறிவுக் கடிதம் ஒன்றை எழுதிவைத்துவிட்டு ஹியூவிடம் திரும்பினார்.

முடிச்சை அவிழ்த்தவர் கயிற்றில் இறங்கித் தப்பிய அஸ்லின். அர்னுல்ஃபை அணுகி, அவர் மூலமாகச் சார்ல்ஸுடன் சமாதானமாகி, புனிதர்களின் திருப்பண்டங்கள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்து, லாவோனில் தன் ஆயர் இல்லத்துக்குத் திரும்பினார். 991 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு. இரவு விருந்தில் சார்ல்ஸ் ஒரு பொற்கிண்ணத்தில் மதுவை ஊற்றி, ரொட்டியைப் பிட்டு நனைத்து அஸ்லினிடம் நீட்டினார். சத்தியத்தைக் காப்பதானால் குடியுங்கள், யூதாசைப்போல நடப்பதானால் தொடவேண்டாம் என்றார். காப்பேன், தவறினால் யூதாசோடு சேர்ந்து அழிவேன் என்று சொல்லி அஸ்லின் வாங்கிக் குடித்தார். எல்லோரும் தூங்கிய பிறகு தலைமாட்டிலிருந்த வாள்களை அகற்றி, வாயிற்காவலனை ஏதோ வேலைக்கு அனுப்பி, தன் ஆட்களை உள்ளே விட்டார். விடிவதற்குள் சார்ல்ஸும் அர்னுல்ஃபும் கைதிகள். சார்ல்ஸ் ஓர்லேயான் சிறையிலிருந்து உயிரோடு வெளிவரவில்லை.

அர்னுல்ஃபை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அவர் அரசரின் குடிமகன் மட்டுமல்ல, திருநிலைப்படுத்தப்பட்ட பேராயர். 991 ஜூன் 17, 18 தேதிகளில் ரீம்ஸுக்கு அருகே வெர்சியிலுள்ள புனித பாசில் மடத்தில் ஆயர்கள் கூடினார்கள். தலைமை சான்ஸ் பேராயர் செகுயின். வழக்கை நடத்தியவர் ஓர்லேயான் ஆயர், அவர் பெயரும் அர்னுல்ஃப்தான். கதவைத் திறந்த அடால்கர் வந்து, பேராயர் சொல்லித்தான் செய்தேன், நம்பாவிட்டால் தீயாலோ கொதிநீராலோ பழுக்கக் காய்ச்சிய இரும்பாலோ சோதித்துப் பாருங்கள் என்றார்.

எதிர்த்தரப்பும் இளைத்ததல்ல. ஃபிளெரி மடத்தின் தலைவர் அபோ போன்றவர்கள், பதவியைத் திருப்பிக் கொடுத்தபின்தான் விசாரிக்க வேண்டும், ஆயரைத் தண்டிக்கப் போப்பாண்டவரின் ஒப்புதல் வேண்டும் என்று பழைய திருத்தந்தையர்களின் ஆணைகளை எடுத்துப் போட்டார்கள். அவர்கள் காட்டிய ஆணைகளில் பல 9-ஆம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டிலேயே இட்டுக்கட்டப்பட்டவை. அது அன்று எவருக்கும் தெரியாது. ஓர்லேயான் ஆயர் அதற்குப் பதிலாக, அண்மைக்காலப் போப்பாண்டவர்களின் யோக்கியதையைப் பிட்டுப்பிட்டு வைத்தார். ஹியூ ஏற்கெனவே ரோமுக்கு முறையிட்டிருந்தார். தூதர்களை அங்கே காக்கவைத்துவிட்டார்கள், எதிர்த்தரப்பு நல்ல வெள்ளைக் குதிரை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்ததே காரணம் என்பது அரசர் தரப்பின் குற்றச்சாட்டு.

கடைசியில் முன்னுதாரணம் ரீம்ஸிலிருந்தே கிடைத்தது. பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து, பக்தர் லூயி பேரரசரோடு ஒரே தாயிடம் பால்குடித்து, 816-இல் ரீம்ஸ் பேராயரான எபோன், 833-இல் அதே லூயியைப் பொதுவில் பாவப்பரிகாரம் செய்யவைத்தவர். அரியணை மறுபடி லூயிக்குக் கிடைத்ததும், 835-இல் எபோன் தானே தன் தகுதியின்மையை அறிக்கையிட்டுப் பதவி விலகினார். அந்த வாசகத்தைத் தேடி எடுத்து, பெயரை மாற்றி, அர்னுல்ஃபின் கையில் கொடுத்தார்கள். அவர் படித்தார். மோதிரத்தையும் ஆயர் கோலையும் ஒப்படைத்தார். இரண்டு அரசர்களின் முன் கைகளைச் சிலுவைபோல் விரித்துத் தரையில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்டார். உயிர் தப்பியது, சிறை மிஞ்சியது. அடால்கரின் குருத்துவ உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பட்டம் பறித்தார்கள்.

கெர்பர்ட் பேராயரானார். ஆசைப்பட்ட நாற்காலி முள்ளாயிற்று. போப் பதினைந்தாம் யோவான் புனித பாசில் தீர்ப்பை ஏற்கவில்லை. 995-இல் மூசோன் சங்கத்தில் கெர்பர்ட் நின்று வாதாடியும் பலனில்லை. தன் வீரர்களும் குருக்களும் பேசிவைத்துக்கொண்டு தன்னோடு ஒரே பந்தியில் உட்கார மறுக்கிறார்கள் என்று ஓர் அரசிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. 996 அக்டோபரில் ஹியூ இறந்ததும் இருந்த ஆதரவும் போயிற்று. புதிய அரசர் ராபர்ட் உறவுக்காரியும் விதவையுமான பெர்த்தாவை மணக்க விரும்பினார். சபைச் சட்டப்படி அது கூடாத உறவு. ரோமைச் சமாதானப்படுத்த அவரிடம் ஒரு பொருள் இருந்தது, சிறையிலிருந்த அர்னுல்ஃப். ஃபிளெரியின் அபோ ரோமுக்குப் போய்ப் போப் ஐந்தாம் கிரகோரியிடம் பேசித் திரும்பினார். அர்னுல்ஃப் விடுதலையாகித் தன் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தார். ராபர்ட்டின் திருமணத்தை ரோம் அப்படியும் ஏற்கவில்லை. ஒருமுறை நாற்காலிக்கு விலையாகப் போனவர், இரண்டாம் முறை ஒரு கல்யாணத்துக்கு விலையாகத் திரும்பினார்.

கெர்பர்ட் பேரரசர் மூன்றாம் ஓட்டோவின் நிழலுக்குப் போய், ரவென்னா பேராயராகி, 999 ஏப்ரலில் இரண்டாம் சில்வெஸ்தர் என்ற பெயரில் போப்பாண்டவரே ஆனார். அந்த ஆசனத்திலிருந்து ரீம்ஸுக்கு ஓர் ஆணை போயிற்று: உம்மை நீக்கியதற்கு ரோமின் ஒப்புதல் இல்லாததால் உமது பதவியும் அதன் உரிமைகளும் உமக்கே உறுதி என்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் ரோமின் ஒப்புதல் தேவையில்லை என்று வாதாடிய தரப்பின் பேனா கெர்பர்ட்டுடையது. இடம் மாறினால் சட்டமும் மாறும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று ஐரோப்பாவில் இல்லை.

அர்னுல்ஃப் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அமைதியாகப் பேராயராக இருந்து 1021-இல் இறந்தார். அவருடைய அப்பாவின் வம்சத்துக்கு அரியணை திரும்பவில்லை. ஹியூ காபேயின் நேர்வாரிசுகள் 1328 வரை ஆண்டார்கள்.

அஸ்லின் தன் பதவியை இழக்கவில்லை. ஹியூவுக்கு எதிராகவே ஒரு சதியில் மாட்டிக்கொண்ட பிறகும் நீடித்து, மொத்தம் அரை நூற்றாண்டுக்கு மேல் லாவோன் ஆயராக இருந்தார். முதுமையில் ராபர்ட் அரசரை விளித்து ஒரு லத்தீன் செய்யுள் எழுதினார். சமுதாயத்தில் மூன்று வகையினர் உண்டு, வேண்டுகிறவர், போரிடுகிறவர், உழைக்கிறவர். அவரவர் எல்லையில் அவரவர் நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிய பாடநூல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அவருடைய அந்தப் பிரிவினையைத்தான்.